எழுவாய்க்குள் ஓர் எழுவாய்

எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் அருகே ஒரு நாள் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். 'தி லிஸ்ட் ஆஃப் ஃப்ளாட்ஸ் வித் பெண்டிங் டியூஸ் ஆர் கிவன் பிலோ.' பராமரிப்புப் பணம் பாக்கி வைத்திருக்கும் வீடுகளின் பட்டியல் கீழே இருக்கிறது என்பது சேதி. மறுநாள் காலை பால் வாங்க இறங்கியபோது பார்த்தேன். 'ஆர்' என்பதை யாரோ நீலப் பேனாவால் அடித்துவிட்டு மேலே 'இஸ்' என்று எழுதியிருந்தார். சாயங்காலத்துக்குள் அந்த 'இஸ்' சிவப்பு மையால் அடிபட்டு, மறுபடி 'ஆர்' ஏறியிருந்தது. பக்கத்தில் இரண்டு ஆச்சரியக்குறி வேறு. பாக்கியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

நீலப் பேனாக்காரர் செய்ததுதான் சரி. ஆனாலும் சிவப்புப் பேனாக்காரரை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. வினைச்சொல்லுக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று அவர் பார்த்திருக்கிறார். 'டியூஸ்', பன்மை. அதற்கு முன்னால் 'ஃப்ளாட்ஸ்', அதுவும் பன்மை. பக்கத்தில் இருப்பதெல்லாம் பன்மையாக இருக்க, வினையை மட்டும் ஒருமையில் வைத்தால் காதில் உறுத்தத்தானே செய்யும்? நீலப் பேனாக்காரர் இன்னும் பின்னால் போய், வாக்கியத்தின் இரண்டாவது சொல்லைப் பிடித்தார். உள்ளே எத்தனை வீடு இருந்தாலும் பட்டியல் ஒன்றுதான்.

இந்தத் தகராறுக்கு ஆங்கில இலக்கணம் இரண்டு பெயர் வைத்திருக்கிறது. 'தி லிஸ்ட் ஆஃப் ஃப்ளாட்ஸ் வித் பெண்டிங் டியூஸ்' என்ற ஏழு சொல்லும் சேர்ந்தது கம்ப்ளீட் சப்ஜெக்ட், அதாவது முழு எழுவாய். அதற்குள் இருக்கும் 'லிஸ்ட்' என்ற ஒற்றைச் சொல் சிம்பிள் சப்ஜெக்ட். தனி எழுவாய் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் இதைச் சுருக்கிப் பார்க்கும் கணக்காகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: அடைமொழிகளை அடி, மிச்சம் நிற்பது தனி எழுவாய். வழி சரிதான். ஆனால் தனி எழுவாய் என்பது முழு எழுவாயின் சுருக்கம் என்ற எண்ணம் அதோடு சேர்ந்து மண்டைக்குள் போய்விடுகிறது. அந்த எண்ணத்தோடு எனக்குச் சண்டை உண்டு. இவை இரண்டு வேறு கேள்விகளுக்கான இரண்டு விடைகள்.

ஒரு செய்தித் தலைப்பை எடுத்துக்கொள்வோம். 'தி ஃபார்மர் மினிஸ்டர் ஹேஸ் டைட்.' முன்னாள் அமைச்சர் காலமானார். அடைமொழியை அடித்தால் மிஞ்சுவது 'மினிஸ்டர் ஹேஸ் டைட்.' அமைச்சர் காலமானார்! சுருக்கம் என்றால் இது பொய்ச் செய்தி. பதவியில் இருப்பவர் வீட்டு வாசலில் மாலையோடு ஆட்கள் வந்து நிற்பார்கள். 'எ ஃபேக் டைமண்ட்' என்பதில் தனி எழுவாய் 'டைமண்ட்'. பொருளோ வைரமே இல்லை. 'தி லேக் ஆஃப் ரெயின்' என்றால் தனி எழுவாய் 'லேக்', இல்லாமை. வாக்கியம் மழையைப் பற்றியது என்று நினைக்கும் வாசகனிடம் இலக்கணம் 'இல்லாமை'யை எடுத்து நீட்டுகிறது. ஆக, தனி எழுவாய்க்கும் வாக்கியம் எதைப் பற்றியது என்பதற்கும் நேர் உறவு கிடையாது. அது வேறு ஒரு வேலைக்கு வேண்டியிருக்கிறது.

அந்த வேலை வினைச்சொல்லின் வேலை. ஆங்கில வினை பெரும்பாலும் எழுவாயைக் கண்டுகொள்ளாது. நான் போனேன், நீ போனாய், அவர்கள் போனார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே 'வென்ட்' போதும். நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமை வந்தால் மட்டும் வாலில் ஒரு 'ஸ்' ஒட்டும். 'பி' என்ற வினை மட்டும் 'ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்' என்று கொஞ்சம் கூடுதலாக மாறும். இந்தச் சின்ன மாற்றத்துக்காக வினை கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: ஒருமையா, பன்மையா? அதற்குப் பதில் சொல்லும் சொல்தான் தனி எழுவாய். முழு எழுவாய்க்கு வேறு கேள்வி இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பாகுபாடு எங்கிருந்து வந்தது? எழுவாய் என்ற எண்ணமே மேற்கில் முதலில் இலக்கணத்துக்கு உரியதாக இல்லை, தருக்கத்துக்கு உரியதாக இருந்தது. அரிஸ்டாட்டில் பயன்படுத்திய 'ஹைப்போகெய்மெனன்', அடியில் கிடப்பது, லத்தீனில் 'சுப்ஜெக்தும்' ஆயிற்று. ஒன்றை அடியில் வைத்து அதன்மேல் ஒரு கூற்றை ஏற்றுவது என்ற படிமம். பள்ளி இலக்கணக்காரர்களுக்கு வெகுகாலம் வேற்றுமைப் பெயரே போதுமாக இருந்தது. 1795இல் இங்கிலாந்தின் யார்க் நகரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றுக்காக லிண்ட்லி மரே எழுதிய இலக்கணம், வினை தன் 'நாமினேட்டிவ்' வேற்றுமையோடு ஒத்துப்போக வேண்டும் என்ற முறையில்தான் விதி வகுத்தது. மரே அமெரிக்காவில் பிறந்த வழக்கறிஞர், குவேக்கர் சமயத்தவர். அவருடைய புத்தகம் பல தலைமுறைப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காற்று மாறியது. ஜெர்மனியில் கார்ல் ஃபெர்டினாண்ட் பெக்கர் வாக்கியத்தை உறுப்பு உறுப்பாகப் பிரிக்கும் முறையை வகுத்தார். 1852இல் ஜே. டி. மோரெல் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். அதற்குமுன் பாடம் என்பது சொல் சொல்லாக வகை சொல்வது: இது பெயர், இது வினை, இது இடைச்சொல். இப்போது வாக்கியத்தை இரண்டாக வெட்டி, இந்தத் துண்டு எழுவாய், அந்தத் துண்டு பயனிலை என்று சொல்ல வேண்டியதாயிற்று. துண்டு பல சொல் நீளம் என்றால் அதற்குள் தலைமைச் சொல் எது என்ற கேள்வி தானாக எழும். இரண்டு பெயர்களின் தேவை அங்கே பிறந்தது.

அதைப் படமாகப் போட்டுக் காட்டியவர்கள் அமெரிக்கர்கள். 1847இல் ஸ்டீபன் கிளார்க் ஒவ்வொரு சொல்லையும் ஒரு பலூனுக்குள் அடைத்து, பலூன்களை ஒட்டவைத்துப் படம் போட்டார். நீண்ட வாக்கியமானால் பக்கம் முழுக்கக் கூழாங்கல்லைக் கொட்டியது போல இருக்கும். 1877இல் புரூக்ளினைச் சேர்ந்த அலான்ஸோ ரீடும் பிரெய்னர்ட் கெலாக்கும் 'ஹையர் லெசன்ஸ் இன் இங்கிலீஷ்' புத்தகத்தில் பலூன்களைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கோடுகளை வைத்தார்கள். படுக்கையாக ஒரு கோடு. அதை நடுவில் குறுக்கே வெட்டும் ஒரு நெட்டுக்கோடு. வெட்டுக்கு இடப்பக்கம், கோட்டின் மேல், தனி எழுவாய். வலப்பக்கம் வினை. மற்ற சொற்களெல்லாம் தமக்குரிய சொல்லின் அடியில் சாய்கோடுகளில் தொங்கும். நம் அறிவிப்பை அப்படிப் போட்டால் மேலே இருப்பது 'லிஸ்ட்', 'இஸ் கிவன்' மட்டும். 'ஃப்ளாட்ஸ்' ஒரு மாடி கீழே, 'டியூஸ்' இன்னும் ஒரு மாடி கீழே. இந்தப் படத்தில் 'டியூஸ்' வினைக்குப் பக்கத்து வீடே கிடையாது. சிவப்புப் பேனாக்காரரை ஏமாற்றியது வரிசைதான். வரிசையைக் கலைத்து உறவைக் காட்டியதும் மயக்கம் போய்விடுகிறது. இலக்கணப் பாடத்துக்காக மனிதர்கள் செய்த கருவிகளில் இதைவிட நேர்த்தியான ஒன்றை நான் பார்த்ததில்லை. நம் ஊர் வகுப்புகளுக்கு அது வரவில்லை. நமக்கு வாய்த்தது கட்டம் போட்டுப் பிரிக்கும் முறை.

என் அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு. ஆங்கில வீட்டுப்பாடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வருவாள். தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவர்களுக்கு எஸ், வி, ஓ, சி, ஏ என்ற ஐந்து எழுத்துக் கணக்கு மறந்திருக்காது. வாக்கியத்தைத் துண்டு போட்டு ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் எழுத்து வைக்க வேண்டும். அதில் 'எஸ்' என்பது எப்போதும் முழு எழுவாய். அடுத்த பக்கத்தில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்வி இருக்கும். அங்கே வேண்டியது தனி எழுவாய். ஒரே தேர்வு இரண்டையும் கேட்கிறது, இரண்டும் வேறு என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

"மாமா, இதுல எஸ் எதுவரைக்கும்?" என்று ஒரு வாக்கியத்தை நீட்டினாள். 'தி ஓல்ட் வுமன் ஹூ செல்ஸ் ஃப்ளவர்ஸ் நியர் தி டெம்பிள் நோஸ் மை மதர்.' கோயில் பக்கத்தில் பூ விற்கும் அந்தப் பாட்டிக்கு என் அம்மாவைத் தெரியும். அவள் 'வுமன்' வரை கோடு போட்டு, 'செல்ஸ்' மேல் 'வி' எழுதியிருந்தாள்.

"மொத்தத்தையும் எடுத்துட்டு 'ஷீ' போட்டுப் பாரு. எவ்வளவு எடுத்தா வாக்கியம் நிக்குது?"

"ஷீ ஹூ செல்ஸ்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு 'டெம்பிள்' வரை விரலால் மறைத்தாள். "ஷீ நோஸ் மை மதர். ஓ, இதெல்லாமே எஸ்ஸா?"

இதெல்லாமேதான். முன்பு சொன்ன இரண்டாவது கேள்வி இங்கே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஹி, ஷி, இட், தே' பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக வருகின்றன என்று படித்திருக்கிறோம். பெயரளவில் சரி, நடப்பில் தவறு. 'தி ஓல்ட் ஷி' என்று யாரும் சொல்வதில்லை. பதிலிச் சொல் முழு எழுவாயின் இடத்தில் அப்படியே உட்காருகிறது. இடம் மாற்றும்போதும் இதே கதைதான். கேள்வியாக்க வேண்டுமென்றால் துணைவினை முழு எழுவாயைத் தாண்டி முன்னால் வர வேண்டும். பாதியில் புகுந்தால் வாக்கியம் உடைந்துவிடும். வினையின் வடிவத்துக்குத் தனி எழுவாய் பொறுப்பு. எது ஒன்றாகச் சேர்ந்து நகர்கிறது, எதன் இடத்தில் இன்னொன்று உட்காரலாம் என்பதற்கு முழு எழுவாய் பொறுப்பு.

குழந்தைகளுக்கு இது சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடுகிறது என்பது நோம் சாம்ஸ்கி பல முறை எடுத்துவைத்த வாதம். எழுவாய்க்குள்ளேயே ஒரு 'இஸ்', வெளியே ஒரு 'இஸ்' இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'தி பாய் ஹூ இஸ் க்ரையிங் இஸ் ஹங்ரி.' அழுகிற பையன் பசியாக இருக்கிறான். கேள்வியாக்க எந்த 'இஸ்' முன்னால் போகும்? முதலில் கண்ணில் படுவதை எடுத்தால் 'இஸ் தி பாய் ஹூ க்ரையிங் இஸ் ஹங்ரி' என்ற குளறுபடி கிடைக்கும். 1987இல் ஸ்டீபன் கிரெய்ன், மினெஹாரு நகயாமா என்ற இருவர் மூன்று முதல் ஐந்து வயதுவரையான 30 குழந்தைகளை இப்படிப்பட்ட கேள்விகள் கேட்க வைத்தார்கள். கேள்விகளைக் கேட்கவேண்டியது 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வரும் ஜப்பா என்ற பொம்மையிடம். பிள்ளைகள் தப்பு செய்யாமல் இல்லை. இரண்டு இடத்திலும் 'இஸ்' போட்டார்கள், திக்கித் திணறினார்கள். ஆனால் எழுவாயின் உள்ளே இருந்த 'இஸ்'ஸைப் பிடுங்கி முன்னால் வைக்கும் தப்பை ஒரு குழந்தையும் செய்யவில்லை. முழு எழுவாய் எங்கே முடிகிறது என்று பள்ளிக்குப் போவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இது பிறவியிலேயே வருவதா, கேட்டுக் கேட்டு வருவதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதற்குள் நான் தலையை விடப்போவதில்லை.

ஆங்கிலம் தாய்மொழியாக வராத நமக்கு எங்கே இடிக்கிறது? தமிழில் எழுவாய்த் தொடர் எப்படி அமைகிறது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகிறது. 'கோயில் பக்கத்தில் பூ விற்கும் அந்த வயதான பாட்டி.' அடையெல்லாம் முன்னால் வந்து, தலைமைச் சொல் கடைசியில் வந்து உட்காருகிறது. 'பாக்கி வைத்திருக்கும் வீடுகளின் பட்டியல்': பட்டியல் கடைசி. 'மாணவர்களில் ஒருவர்': ஒருவர் கடைசி. ஆங்கிலத்தில் 'ஒன் ஆஃப் தி ஸ்டூடன்ட்ஸ்': 'ஒன்' முதலில். கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி நிற்கிறது. தமிழில் எழுவாய்த் தொடர் எங்கே முடிகிறதோ அங்கேதான் தனி எழுவாய் இருக்கும். முடிவைக் கண்டவன் தலைமையையும் கண்டுவிட்டான். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துப் பழக்க வேண்டிய நெருக்கடி தமிழுக்கு வராததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆங்கிலத் தலைமைச் சொல்லோ நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. 'ஓல்ட்' போன்ற உரிச்சொற்கள் அதற்கு முன்னால். 'ஹூ', 'ஆஃப்', 'வித்' என்று தொடங்கும் வால்கள் அதற்குப் பின்னால். 'மேங்கோ பாக்ஸ்' என்று சொன்னால் தமிழைப் போலத் தலை கடைசியில் வரும். அதையே 'பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ்' என்றால் தலை முன்னுக்குப் போய்விடும். வினைக்கு ஒட்டினாற்போல் நிற்பது வாலின் நுனி. தமிழ்க் காது பழக்க தோஷத்தில் அந்த நுனியைத் தலை என்று எடுத்துக்கொள்கிறது. 'தி பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் ஆர் ஹெவி' என்பது நம் அலுவலகக் கடிதங்களில் நித்தமும் கண்ணில் படும் தொடர்.

இவ்வளவு எழுதியபிறகு நானே ஒரு தடையையும் சொல்ல வேண்டும். தமிழ்ப் பழக்கம் மட்டும்தான் காரணம் என்றால் ஆங்கிலமே தாய்மொழியானவர்கள் இந்தத் தப்பைச் செய்யக் கூடாது. செய்கிறார்கள். 1991இல் கேத்ரின் பாக், கேரல் மில்லர் என்ற உளவியலாளர்கள் இதைச் சோதனைச்சாலையிலேயே வரவழைத்துக் காட்டினார்கள். பெட்டிகளின் சாவி என்பது போன்ற ஓர் எழுவாயைக் காதில் போட்டு, அதைத் திருப்பிச் சொல்லி வாக்கியத்தை முடிக்கச் சொன்னார்கள். சாவி ஒன்று, பெட்டிகள் பல. வினையைப் பன்மையில் வைத்துவிட்டவர்கள் கணிசம். அதில் ஒரு வேடிக்கை இருந்தது. சாவிகள் பல, பெட்டி ஒன்று என்று திருப்பினால் தப்பு அநேகமாக வரவே இல்லை. பக்கத்தில் இருப்பது இழுக்கிறது என்பது மட்டும் கதை என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுத்திருக்க வேண்டும். இழுத்தது பன்மை மட்டுமே. பன்மைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்' என்ற அடையாளம் இருக்கிறது, ஒருமைக்கு எந்த அடையாளமும் இல்லை. அடையாளம் உள்ளது மனதில் ஒட்டிக்கொண்டு வினைவரை வந்துவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் முக்கியமானது. ஆக, சிவப்புப் பேனாக்காரரைத் தமிழ் ஒரு பக்கம் தள்ளியிருக்கிறது, ஆங்கிலமே மறுபக்கம் இழுத்திருக்கிறது.

எண் என்ற விஷயத்தில் நம் இலக்கணம் எதிர்த்திசையில் யோசித்திருப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 'மாடு வந்தது, மாடு வந்தன' இரண்டும் சரி. பெயரில் எண் தெரியாது. வினையைப் பார்த்துத்தான் மாடு ஒன்றா பலவா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பால்பகா அஃறிணைப் பெயர் என்று இதற்குப் பெயரே இருக்கிறது. 'ஷீப்' போன்ற ஒரு சில சொற்களில் ஆங்கிலமும் இப்படித்தான். மற்ற இடங்களில் பெயர் கட்டளையிடுகிறது, வினை கேட்கிறது. எழுவாயே இல்லாமல் 'வந்தேன்' என்று தமிழ் சொல்லிவிடும். விகுதி 'நான்' என்பதைக் காட்டிக்கொடுக்கும். தோன்றா எழுவாய். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை பெரும்பாலும் ஏவலுக்கு மட்டும்தான் உண்டு.

பாட்டிக்குத் தெரியும் என்று மேலே எழுதினேன், பாட்டி தெரிவாள் என்று எழுதவில்லை. எனக்குப் பசிக்கிறது, எனக்குப் பிடிக்கும், எனக்குத் தோன்றுகிறது: ஆள் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறான். ஆங்கிலத்துக்குப் போகும்போது அவனை இழுத்துக்கொண்டுவந்து எழுவாய் நாற்காலியில் உட்காரவைக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலமும் ஒரு காலத்தில் நம்மைப் போலத்தான் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் பிடித்திருத்தலைக் குறித்த வினைக்குப் பிடித்த பொருள்தான் எழுவாய்; பிடித்தவன் நமது 'கு' உருபுக்குச் சமமான வேற்றுமையில் நின்றான். 'மீதிங்க்ஸ்' என்ற பழஞ்சொல்லில் இருக்கும் 'மீ' நமது 'எனக்கு' தான். 'எனக்குத் தோன்றுகிறது' என்பதன் நேர் உடன்பிறப்பு அது. பெயர்களின் வேற்றுமை விகுதிகள் இடைக்காலத்தில் தேய்ந்து உதிர, எது எழுவாய் என்று காட்ட இடம் ஒன்றே மிஞ்சியது. வினைக்கு முன்னால் நிற்பது எழுவாய் என்ற பழக்கம் இறுகியது. முன்னிடத்தில் நின்றவன் எவனோ அவனே எழுவாய் ஆனான். அந்த இடம் காலியாக இருக்கவே கூடாது என்ற பிடிவாதமும் வந்து சேர்ந்தது. மழை பெய்தாலும் 'இட் இஸ் ரெயினிங்.' அந்த 'இட்' யார்? யாருமில்லை. நாற்காலிக்கு ஒரு துண்டு போட்டுவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

'தேர் ஆர் டூ கீஸ் இன் தி டிராயர்' என்பதிலும் 'தேர்' அப்படிப்பட்ட துண்டுதான். எண்ணுக்குப் பதில் சொல்வது வினைக்குப் பின்னால் நிற்கும் 'கீஸ்.' 'ஆன் தி வால் ஹேங்ஸ் எ பிக்சர் ஆஃப் மை கிராண்ட்பேரன்ட்ஸ்' என்றால் சுவர் முன்னால் நிற்கிறது, தாத்தா பாட்டி கடைசியில் நிற்கிறார்கள். வினை இரண்டையும் விட்டுவிட்டு நடுவில் இருக்கும் 'பிக்சர்' ஒருமையா என்று கேட்கிறது.

அடைமொழியை அடிக்கும் வழி எங்கும் செல்லும் என்றும் நம்பிவிடக் கூடாது. 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர் வெயிட்டிங்.' நிறைய மாணவர்கள் காத்திருக்கிறார்கள். 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் இஸ் ஃபாலிங்.' மாணவர் எண்ணிக்கை குறைகிறது. மாறியது 'எ', 'தி' என்ற துக்கடாச் சொல் ஒன்று. தனி எழுவாயே இடம் மாறிவிட்டது. முதல் வாக்கியத்தில் 'நம்பர்' தன் பொருளை இழந்து 'ஏராளமான' என்பது போல அடையாகிவிட்டது. இரண்டாவதில் அது இன்னும் எண்ணிக்கைதான். 'டென் ருபீஸ் இஸ் இனஃப்' என்றால் பத்து ரூபாயும் ஒரே தொகை. தமிழ் இங்கே 'போதும்' என்று எண்ணே காட்டாத சொல்லைப் போட்டுத் தப்பித்துக்கொள்கிறது. 'தி கேப்டன், அலாங் வித் ஹிஸ் பிளேயர்ஸ், ஹேஸ் அரைவ்ட்' என்பதில் பதினொரு பேர் வந்திறங்கினாலும் வினைக்கு ஒரு கேப்டன்தான். 'அலாங் வித்' இருக்கும் இடத்தில் 'அண்ட்' போட்டால் உடனே பன்மை. பிரிட்டனில் 'தி கமிட்டி ஆர்' என்பார்கள், அமெரிக்கர்களுக்கு அது பிடிக்காது. இங்கெல்லாம் வடிவமும் பொருளும் மல்லுக்கட்டுகின்றன. எது எப்போது ஜெயிக்கும் என்பதற்கு ஒரே விதி இல்லை.

மொழியியலாளர்கள் தலைமைச் சொல்லைப் பற்றி இன்னும் ஒரு படி போனார்கள். 1987இல் எம்ஐடியில் ஸ்டீவன் அப்னி கொடுத்த ஆய்வேடு, 'தி லிஸ்ட்' போன்ற தொடரின் உண்மையான தலை 'லிஸ்ட்' அல்ல, 'தி' தான் என்று வாதிட்டது. பலர் ஏற்றார்கள். 2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் கொண்டுவந்த பெரிய கேம்பிரிட்ஜ் இலக்கணம் பெயரையே தலையாக வைத்துக்கொண்டது. அக்கா மகள் ஒரு தடவை அவசரத்தில் 'தி' என்பதற்கு அடியில் கோடு போட்டு அதுதான் சிம்பிள் சப்ஜெக்ட் என்றாள். தப்பு என்று சொல்லிவிட்டேன், ஒரு நொடி தயங்கித்தான்.

கணினிகளுக்கும் இந்தப் பாடத்தை நடத்தியாயிற்று. பிரெஞ்சுக்காரர் லூசியன் டெனியேரின் புத்தகம் 1959இல் அவர் இறந்தபின் வெளிவந்தது. வாக்கியம் என்பது சொல்லுக்குச் சொல் கட்டிய கயிறுகளின் வலை, உச்சியில் வினை, எழுவாய் அதிலிருந்து தொங்கும் கிளை என்றது அது. இன்றைய வாக்கியப் பகுப்பு நிரல்கள் பலவும் இந்த வழியில் வந்தவை. வினையிலிருந்து ஒரு கயிறு நேராகத் தனி எழுவாய்க்குப் போகிறது. அந்தச் சொல்லில் தொங்கும் எல்லாவற்றையும் சேர்த்து அள்ளினால் முழு எழுவாய். ரீடும் கெலாக்கும் பார்த்தால் தங்கள் படத்தை நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள் என்பார்கள். 2016இல் டால் லின்சனும் வேறு இருவரும் நரம்பு வலை நிரல் ஒன்றுக்கு விக்கிப்பீடியா வாக்கியங்களைக் கொடுத்து, வினை ஒருமையா பன்மையா என்று ஊகிக்கச் சொன்னார்கள். சாதாரண வாக்கியங்களில் அது நன்றாகத் தேறியது. தலைக்கும் வினைக்கும் நடுவே எதிர் எண் கொண்ட பெயர்கள் கூடக் கூடத் தப்பும் கூடிக்கொண்டே போனது.

வினை எங்கே தொடங்குகிறது என்பதே சில சமயம் கண்ணைக் கட்டிவிடும். 1970இல் தாமஸ் பீவர் எழுதிக்காட்டிய குதிரை வாக்கியம் உலகப் பிரசித்தம். அதே தினுசில் ஒன்று நானே செய்துபார்க்கிறேன். 'தி பாய் சென்ட் தி மணி ரேன் அவே.' பையன் பணம் அனுப்பினான் என்று படித்துக்கொண்டே போனால் 'ரேன்' வந்ததும் தடுக்கி விழுவோம். பணம் அனுப்பிவைக்கப்பட்ட பையன் ஓடிப்போனான் என்பதுதான் பொருள். 'மணி' வரை முழு எழுவாய். தமிழில் இந்தப் பள்ளம் கிடையாது. 'அனுப்பிவைக்கப்பட்ட' என்ற பெயரெச்சம் அடுத்து ஒரு பெயர் வரும், காத்திரு என்று முன்னதாகவே சொல்லிவிடுகிறது. முற்றுக்கும் எச்சத்துக்கும் ஒரே உடுப்புப் போட்ட ஆங்கிலத்தில் அந்த முன்னறிவிப்பு இல்லை.

போன வாரம் அக்கா மகள் கொண்டுவந்த தாளில் இரண்டு கட்டம் இருந்தது. ஒன்று கம்ப்ளீட் சப்ஜெக்ட், மற்றது சிம்பிள் சப்ஜெக்ட். ஒன்பது வாக்கியம் மடமடவென்று முடிந்தது. பத்தாவது: 'தட் ஷி ஃபெயில்ட் சர்ப்ரைஸ்ட் அஸ்.' அவள் தோற்றது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"மூணாவது வார்த்தை வரைக்கும் எஸ். 'இட் சர்ப்ரைஸ்ட் அஸ்'னு சொல்லலாம், நிக்குது," என்றாள். பதிலிச் சோதனையை அவளே செய்துவிட்டாள். "சிம்பிள்ல என்ன போடுறது மாமா? 'ஷி'யா?"

'ஷி' அந்த உட்தொடருக்கு எழுவாய், 'சர்ப்ரைஸ்ட்' என்ற வினைக்கு இல்லை. 'தட்' ஓர் இணைப்பு ஆணி. பெயர்ச்சொல் என்று உள்ளே ஒன்றுமே இல்லாத எழுவாய் இது; வினையைக் கேட்டால் ஒருமை என்று சும்மா எடுத்துக்கொண்டு போய்விடும். அந்தக் கணினிப் பகுப்புக்காரர்களும் இத்தகைய எழுவாய்க்குத் தனியாக ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் அவளிடம் கொஞ்சம் சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கட்டத்தைப் பார்த்தாள்.

"காலியா விட்டா மார்க் போயிடும்," என்று சொல்லிவிட்டு, அந்த மூன்று சொல்லையும் இரண்டு கட்டத்திலும் எழுதினாள்.